மணவாளக்குறிச்சி கறுப்பு மணல் எரிமலை மணலா? (மணல், தீவு, தவளை: நீண்டுபோன இழை)

ஜூன் 8 | சின்னவிளை22 கேட்டது

ஹவாய்த் தீவில் கறுப்பு மணல் கடற்கரை என்று ஒரு வீடியோ பார்த்தேன். அப்படியே நம்ம குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கரை போலவே இருக்கிறது. அப்படியென்றால் நம்ம பக்கமும் ஒரு காலத்தில் எரிமலைத் தீவாக இருந்திருக்க வேண்டும், விவேகானந்தர் பாறை அதன் உச்சி என்பது என் கணிப்பு. லட்சத்தீவும் எரிமலைதான் என்று ஒரு சார் சொன்னார். ஆனால் ஹவாயில் வேறெங்கும் இல்லாத பறவை, பூச்சி, செடி எல்லாம் இருக்கிறதாம். லட்சத்தீவில் ஏன் இல்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு | கணியம்

விவேகானந்தர் பாறை எரிமலை இல்லை தம்பி. நம்ம கறுப்பு மணலும் எரிமலை மணல் இல்லை. கடைசிக் கேள்விதான் உருப்படியானது, அதற்கு நிறைய எழுத வேண்டும். இப்போது கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை.

ஜூன் 9 | கணியம்

மணலை முதலில் முடித்துவிடுவோம்.

ஹவாயில் கொதிக்கிற லாவா கடலில் வந்து விழும்போது சட்டென்று குளிர்ந்து கண்ணாடியாக நொறுங்குகிறது. அந்த நொறுங்கல்தான் மணல். முழுக்க பசால்ட் என்கிற எரிமலைப் பாறையும் எரிமலைக் கண்ணாடியும். லாவா வரத்து நின்றால் கொஞ்ச காலத்தில் அலை அந்த மணலைக் கொண்டுபோய்விடும், கரையே காணாமல் போகும்.

நம்ம மணலில் கறுப்பாகத் தெரிவது இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. கூடவே கார்னெட், சிர்கான், ரூட்டைல், மோனசைட். எல்லாம் நமக்குப் பின்னால் நிற்கிற மலையிலிருந்து வந்தவை. அந்த மலையில் இருக்கிற சார்னோகைட் என்ற பாறையும் மற்ற பாறைகளும் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறியவை. மழையில் மக்கி, வள்ளியாறு மாதிரி ஆறுகள் இழுத்து வந்து கடலில் போட, அலை லேசான வெள்ளை மணலை அள்ளிக்கொண்டு போய் கனமானதை மட்டும் கரையில் விட்டுவிடுகிறது. ஆனி, ஆடியில் கடல் அடித்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள், கரை முழுக்க கறுப்பும் சிவப்புமாக வரிவரியாகக் கிடக்கும்.

1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். நம்ம ஆட்கள் அதே கயிற்றை உதறிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள்.

ஜூன் 9, மாலை | கணியம்

"கறுப்பு கறுப்புதானே, எப்படி நம்புவது" என்று கேட்டவருக்கு: பழைய ஹார்ட் டிஸ்கை உடைத்தால் உள்ளே ஒரு காந்தம் இருக்கும். ஒரு சிட்டிகை மணலை நன்றாகக் காயவைத்து வெள்ளைத் தாளில் பரப்பி, காந்தத்தை பாலிதீன் கவரில் போட்டு மேலே கொண்டுபோங்கள் (கவர் இல்லாமல் செய்தால் காந்தத்திலிருந்து மணலைச் சுரண்டுவதே வேலையாகிவிடும்). கறுப்புத் துகள்கள் எழுந்து முள்முள்ளாக ஒட்டும். இன்னும் நெருக்கிக் கொண்டுபோனால் இளஞ்சிவப்பு கார்னெட்டும் கொஞ்சம் வரும். கடைசிவரை அசையாமல் தாளிலேயே கிடப்பதில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதற்கிடையே லென்ஸ் வைத்துப் பார்த்தால் வைரத்துண்டு போல மினுங்குகிற சின்னத் துகள்கள் தெரியும். அதுதான் சிர்கான். இந்தச் சிர்கானை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

எரிமலை மணலில் இப்படி ஐந்தாறு வகைத் தாது பிரியாது.

ஜூன் 11 | கணியம்

சரி, ஹவாய்.

பூமிக்குள்ளிருந்து சூடு ஒரே இடத்தில் மேலே வருகிறது (சூட்டுப்புள்ளி என்பார்கள்), அதன் மேல் பசிபிக் தட்டு, அதாவது அந்தக் கடலைச் சுமக்கிற பூமியோட்டுத் துண்டு, ஆண்டுக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை நகர்கிறது. தையல் மெஷினில் ஊசி ஒரே இடத்தில் குத்த, துணி நகர்ந்துகொண்டே போவது போல. இதை 1963-இல் கனடாக்காரர் டூசோ வில்சன் சொன்னார். அதனால் தீவுகள் வரிசையாக, வயதுப்படி நிற்கின்றன. தென்கிழக்குக் கோடியில் இருக்கிற பெரிய தீவுக்கு வயது பத்து லட்சம் ஆண்டுகூட இல்லை. வடமேற்கே காவாய்த் தீவுக்கு சுமார் 50 லட்சம். அதற்கும் அப்பால் தேய்ந்து அமிழ்ந்து வெறும் பவளத் திட்டாகிப்போனவை. பெரிய தீவுக்குத் தெற்கே அடுத்த எரிமலை வளர்ந்துகொண்டிருக்கிறது, உச்சி இன்னும் கடல்மட்டத்துக்குச் சுமார் 975 மீட்டர் கீழே.

இதற்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம்? மிக அருகில் இருக்கிற கண்டமே மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி. எப்போதாவது ஒரு விதை, ஒரு பூச்சி, திசை தவறிய ஒரு பறவைக் கூட்டம் வந்து சேரும். வந்த இடத்தில் போட்டிக்கு ஆள் இல்லை. கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரு செடியின் வாரிசுகள் இன்று முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள்: ஒன்று மலையுச்சிச் சாம்பலில் வெள்ளிக் கத்திபோல இலை விட்டு நிற்கிறது, ஒன்று மரம், ஒன்று கொடி. புதிய தீவு முளைக்க முளைக்க பழைய தீவிலிருந்து அங்கே தாவுகின்றன. பழ ஈக்களில் இந்த வரிசை ரொம்பத் தெளிவு. பல வம்சங்களில் மூத்த கிளை மூத்த தீவில், இளைய கிளை இளைய தீவில்.

ஒரே தீவுக்குள்ளும் லாவா ஓடி காட்டைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். நடுவில் மிஞ்சிய காட்டுத் துண்டில் மாட்டிக்கொண்ட ஈக்கூட்டம் தனி வழியில் போக ஆரம்பிக்கும். அப்புறம் உயரம். மலை உயரமாக இருந்தால் ஒரு பக்கம் மழை கொட்டும், மறுபக்கம் காயும். பேச்சிப்பாறையில் நனைந்துகொண்டு புறப்பட்டு ஆரல்வாய்மொழியில் தூசியோடு இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜூன் 11, இரவு | கணியம்

மேலே எழுதியதில் மண்ணை விட்டுவிட்டேனே என்று சாப்பிடும்போது தோன்றியது. எரிமலை மண் வளமான மண் என்று எல்லாரும் சொல்வோம். புதிய லாவாவில் நைட்ரஜனே கிடையாது, அதனால் முதலில் செடி திணறும். நடுவயதில்தான் கொழிக்கும். லட்சக்கணக்கான ஆண்டு மழை பெய்தபின் பாஸ்பரஸ் கரைந்து போய்விடும். காவாய்த் தீவின் காட்டுக்குக் கிடைக்கிற பாஸ்பரஸில் பெரும்பங்கு ஆசியாவிலிருந்து காற்றில் பறந்து வரும் தூசியில் இருப்பது என்று 1999-இல் அளந்து சொன்னார்கள். எங்கோ கோபிப் பாலைவனம் பக்கம் புழுதி கிளம்பினால் நடுப் பசிபிக்கில் மரம் பிழைக்கிறது!

ஜூன் 14 | கணியம்

லட்சத்தீவு. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்பே எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. தூத்தூர் பக்கத்து போட்டில் சில வருடம் தங்கல் தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது) போயிருக்கிறேன். அந்தக் கடலில், ஆழம் காட்டுகிற எக்கோ சவுண்டர் திரையில் நாள் முழுக்க அடியே தெரியாது. டிரைவர் அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு "பொறு, இப்ப வரும்" என்பார். திரையின் அடியில் ஒரு கோடு தோன்றும், விறுவிறுவென்று ஏறும், சுவர் ஏறுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் ஆழம் முப்பது பாகம்தான் (ஒரு பாகம் ஆறடி போல). அங்கே தூண்டில் போட்டால் சுறா, கேரை, எது வேண்டுமானாலும் வரும். கடலடியில் அப்படி எழும்பி நிற்கிற மேட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் "பார்", வேலை முடிந்தது. அது ஒரு செத்த எரிமலையின் மொட்டைத் தலை என்று யாரும் சொல்லித் தரவில்லை.

கதை இதுதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரம் பக்கம் தக்காணத்து லாவாவைக் கொட்டிய அதே சூட்டுப்புள்ளியின் மேல் இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தது. வழிநெடுக எரிமலைகள்: லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று நீளும் கடலடி மலைமுதுகு. பிறகு மொரிஷியஸ். இப்போது புள்ளி ரீயூனியன் தீவுக்கடியில் இருக்கிறது, அங்கே எரிமலை இன்றும் அடிக்கடி வெடிக்கிறது. 1987-இல் துளையிடும் கப்பல் மாலத்தீவு அருகே பவளச் சுண்ணாம்பைத் தாண்டி பசால்ட் வரை போனது. வயது ஐந்தரைக் கோடிக்கும் மேல்.

எரிமலை அணைந்தால் கடல்தரை குளிர்ந்து கனத்து அமிழும். பவளம் மேலே மேலே கட்டிக்கொண்டே வரும். மலை மறைந்தபின் பவள வளையம் மட்டும் மிஞ்சும். டார்வின் இதை 1842-இல் புத்தகமாகவே போட்டார். 1952-இல் பசிபிக்கில் எனிவெடாக் என்ற பவளத் தீவில் துளைத்தபோது ஆயிரத்து முன்னூறு மீட்டர் போலச் சுண்ணாம்பைக் கடந்து பசால்ட் தட்டியது. நூற்றுப்பத்து வருடம் காத்திருந்த விடை.

தம்பி கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது. லட்சத்தீவு முழுவதும் சேர்த்து நிலம் 32 சதுர கிலோமீட்டர்தான், உயரம் சில மீட்டர். மலை இல்லை, ஓடை இல்லை, மழைப்பக்கம் வெயில்பக்கம் இல்லை. போதாக்குறைக்கு கடல்மட்டம் ஏறியபோதெல்லாம் மூழ்கியிருக்கிறது. இப்போது நாம் பார்க்கிற மணல் திட்டுகள் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் குவிந்தவை. தனி இனம் உருவாக அந்த அவகாசம் போதாது. அங்கே செல்வமெல்லாம் தண்ணீருக்குள், பவளத்தில். ஹவாய் இளமையில் இருக்கிறது, லட்சத்தீவு அந்த வயதை எப்போதோ கடந்துவிட்டது.

ஜூன் 14, இரவு | கணியம்

குமரிமுனைக்குத் தெற்கே நாம் மீன் பிடிக்கிற வாட்ஜ் பேங்க் மேடும் எரிமலைதானா என்று கேட்டிருக்கிறார் ஒரு அண்ணாச்சி. இல்லை. அது நம்ம கண்டத்தின் திண்ணைதான், கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. மீன் கிடைக்கிறது என்பதற்காக எல்லாப் பாரும் ஒரே சாதி ஆகாது.

ஜூன் 17 | கணியம்

மூழ்குவது என்றால் என்ன ஆகும் என்பதற்கு அல்டாப்ரா நல்ல உதாரணம். மடகாஸ்கருக்கு வடக்கே இருக்கிற பவளத் தீவு. அங்கே பறக்க மறந்த காணாங்கோழி வகை ஒன்று இருந்தது. ஒரு லட்சத்துச் சொச்சம் ஆண்டுக்கு முன் கடல் ஏறித் தீவு மொத்தமாக முங்கியது, கோழி போயிற்று. கடல் இறங்கியபின் மடகாஸ்கரிலிருந்து அதே வம்சம் மறுபடி பறந்து வந்து மறுபடி பறப்பதை விட்டுவிட்டது! எலும்புகளை ஒப்பிட்டு 2019-இல் எழுதினார்கள். சோறு தரையிலேயே கிடைக்கிறது, பிடித்துத் தின்ன மிருகமும் இல்லை, எதற்குச் சிறகை அடிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர் கதை பசிபிக்கின் கலாபகோஸ் தீவுகளில். கடலில் நீந்திப் பாசி தின்கிற இகுவானா அங்கே உண்டு (நம்ம உடும்பு இனம் இல்லை, பேச்சுக்கு உடும்பு என்றே சொல்கிறேன்). மரபணுக் கணக்குப்படி அது நில உடும்பிடமிருந்து பிரிந்த காலம், இப்போது தலை நீட்டிக்கொண்டிருக்கிற தீவுகளின் வயதைவிட அதிகம். தீவு வருவதற்கு முன்பே தீவுக்காரர் எப்படி வந்தார்? 1992-இல் விடை வந்தது. தீவுகளுக்குக் கிழக்கே மூழ்கிய மலைகளின் உச்சியிலிருந்து அலை உருட்டிய கூழாங்கற்களை அள்ளி வந்தார்கள். கூழாங்கல் என்றால் ஒரு காலத்தில் அங்கே கரை இருந்தது, அலை அடித்தது. பழைய தீவு முங்குவதற்குள் புதியது முளைத்திருக்கிறது, உடும்பும் இடம் மாறியிருக்கிறது. அல்டாப்ராவில் மாற்றுவீடு இல்லை.

ஜூன் 20 | கணியம்

எதிர்பார்த்ததுதான். குமரிக்கண்டம் வந்துவிட்டது. "மொரிஷியஸுக்கு அடியில் மூழ்கிய கண்டம் கண்டுபிடிப்பு" என்று பழைய பத்திரிகைத் துண்டை நான்கு பேர் ஒட்டியிருக்கிறீர்கள்.

துண்டில் இருப்பது உண்மை. இங்கேதான் சிர்கான் வருகிறது, தன் வயதைத் தனக்குள்ளேயே பதித்து வைத்திருக்கிற தாது. மொரிஷியஸ் முழுக்க எரிமலை, மேலே இருக்கிற மிகப் பழைய பாறைக்கே 90 லட்சம் ஆண்டு போலத்தான் வயது. 2013-இல் அந்தக் கடற்கரை மணலைச் சலித்துப் பார்த்தபோது சிர்கான் கிடைத்தது, வயது 66 கோடியிலிருந்து 197 கோடி வரை. இளம் தீவில் கிழட்டு மணல். காற்றில் வந்திருக்கும், யார் செருப்பிலாவது ஒட்டி வந்திருக்கும் என்றெல்லாம் சந்தேகம் கிளம்பியது. 2017-இல் மணலை விட்டுவிட்டு பாறையையே உடைத்தார்கள். 57 லட்சம் ஆண்டு வயதான எரிமலைப் பாறைக்குள் 300 கோடி ஆண்டு வரை வயதான சிர்கான். அதாவது லாவா மேலே வருகிற வழியில், அடியில் கிடந்த பழைய கண்டத் துண்டைச் சுரண்டிக்கொண்டு வந்திருக்கிறது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது நடுவில் உதிர்ந்த துண்டு.

ஆனால் அது முங்கியது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன். மனிதன் வந்தே சுமார் 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. அங்கே சங்கம் வைக்க ஆள் இல்லை. லெமூரியா என்பது 1864-இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் சொன்னது. மடகாஸ்கர் குரங்கின உறவுகள் இந்தியாவிலும் இருப்பதாகக் கண்டு, நடுவில் ஒரு பாலம் இருந்திருக்கும் என்றார். கண்டங்களே நகரும் என்று தெரிந்தபின் பாலம் தேவைப்படவில்லை. இதில் கோபப்பட ஒன்றுமில்லை மக்கா, விலங்கைப் பார்த்து நிலத்தை ஊகிக்கிற அவருடைய முறை நல்ல முறைதான்.

ஜூன் 21 | கணியம்

அந்த முறையையே ஒழுங்காகச் செய்ய தவளை போதும்.

தவளையின் தோலும் முட்டையும் உப்புநீரைத் தாங்காது. கண்டத்திலிருந்து தொலைவில் கடலுக்குள் முளைத்த எரிமலைத் தீவுகளில் தவளை இல்லாததை டார்வினே 1859-இல் குறிப்பிட்டார். ஹவாயில் இயற்கையாக ஒரு தவளைகூட இல்லை (இப்போது இரவெல்லாம் கத்துவது மனிதர் கொண்டுபோனது). ஆனால் இந்தியப் பெருங்கடலின் செஷெல்ஸ் தீவுகளில் தவளை இருக்கிறது, சில இனம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் வளரும். ஏன்? செஷெல்ஸின் பெரிய தீவுகள் எரிமலைத் தீவுகள் இல்லை. 75 கோடி ஆண்டுக் கருங்கல், இந்தியாவை ஒட்டியிருந்து சுமார் 6.5 கோடி ஆண்டுக்கு முன் கழன்ற துண்டு. தவளைகள் நீந்தி வரவில்லை, நிலத்தோடு சேர்ந்து மிதந்து பிரிந்தன. அவற்றின் மிக நெருங்கிய உறவு எங்கே? நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில். மண்ணுக்கடியில் வாழ்ந்து மழைக்கு மட்டும் வெளியே வருகிற ஊதாத் தவளை, கேரளத்தில் கிடைத்து 2003-இல் உலகுக்கு அறிமுகமானது.

தவளைக்கு உறவான, காலில்லாத, மண்புழு மாதிரியான சிசிலியன்களும் அப்படித்தான், அங்கேயும் உண்டு இங்கேயும் உண்டு. குலசேகரம் பக்கம் கூட்டுக்காரன் ஒருவனுடைய ரப்பர் தோட்டத்தில் குழி வெட்டும்போது ஒன்று வந்தது. ஈயச்சாம்பல் நிறம், உடம்பு முழுக்க வளையம், கண் இருக்கிற இடமே தெரியவில்லை, கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு விரலிடுக்கைத் தேடுகிறது. பாம்பென்று மண்வெட்டியை ஓங்கினவரைத் தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஜூன் 22 | கணியம்

தவளை விதிக்கு விலக்கே இல்லையா என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். இருக்கிறது. மடகாஸ்கர் பக்கத்து மயோட் எரிமலைத் தீவுதான், அங்கே சொந்தத் தவளைகள் உண்டு. ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே சாவோ டோமே தீவிலும் தவளை, சிசிலியன் இரண்டுமே உண்டு. பெரிய ஆறுகள் வெள்ளத்தில் வேரோடு தள்ளிவிட்ட மரத்திட்டுகளில் ஏறி வந்திருக்கும், ஆற்றுநீர் பரவி மேற்பரப்பில் உப்பும் குறைந்திருக்கும் என்கிறார்கள். இரண்டுமே பெருநிலத்துக்கு ஓரளவு பக்கம், ஹவாய் அப்படி இல்லை.

இதைவிட எனக்கு இடித்தது மொரிஷியஸ். அடியில் கண்டத் துண்டு இருந்தும் அங்கே சொந்தத் தவளை இல்லை. ஆகவே அடியில் கருங்கல் இருப்பது மட்டும் போதாது, நிலம் ஒருநாளும் முங்காமல் இருந்திருக்க வேண்டும். செஷெல்ஸ் தாக்குப்பிடித்தது, மொரிஷியஸின் அடித்துண்டு முங்கிவிட்டது. கல்லின் வயதை அளக்கச் சிர்கான் போதும். அந்தக் கல் தொடர்ந்து வெயிலில் இருந்ததா என்று கேட்க தவளைதான் வேண்டும்.

ஜூன் 22 | கணியம்

மொரிஷியஸில் வாழ்ந்து அழிந்த டோடோப் பறவையைப் பற்றிக் கேட்ட தம்பிக்குச் சுருக்கமாக: அது புறா வம்சம். மரபணுப்படி உயிரோடிருக்கிற மிக நெருங்கிய சொந்தம் நம்ம நிகோபார் புறா. பறந்து வந்து, இறங்கி, பெருத்து, பறப்பதை விட்டது. கப்பலும் பன்றியும் எலியும் வந்தபின் நூறு வருடம்கூடத் தாங்கவில்லை. கடைசியாகப் பார்த்தது 1662 என்பார்கள்.

ஜூன் 26 | கணியம்

இந்தியாவுக்குள் எரிமலைத் தீவு பார்க்க வேண்டுமானால் அந்தமான். பாரன் தீவு 1787-இல் வெடித்ததைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள், நீண்ட தூக்கத்துக்குப் பிறகு 1991-இலிருந்து மறுபடி அடிக்கடி புகைகிறது. நார்கொண்டம் அதற்கு வடக்கே, அடங்கிப்போன எரிமலை. இரண்டும் ஹவாய் மாதிரி சூட்டுப்புள்ளி இல்லை. இந்தியத் தட்டு கிழக்கே அடியில் புகும்போது அதிலிருந்து வெளியேறும் நீர் மேலே இருக்கிற சூடான பாறையை உருக வைப்பதால் வருபவை. ஒரே வகைப் பிறப்பு, ஆனால் வாழ்க்கை வேறு. நார்கொண்டத்தில் ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நிலத்தில் அடர்காடு, ஆல் அத்தி வகை மரங்கள், உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாச்சி. பாரனில் வெடிப்புக்கு வெடிப்பு காடு கருகி மறுபடி தொடங்குகிறது, அங்கே பெயர்பெற்றவை எப்போதோ விட்டுவிட்டுப் போன ஆடுகளின் வாரிசுகள். மரப்பொந்தில் கூடு வைக்கிற பெரிய பறவைக்கு முதிர்ந்த மரம் வேண்டும், முதிர்ந்த மரத்துக்கு அமைதியான எரிமலை வேண்டும்.

ஜூலை 3 | கணியம்

புதிய தீவில் முதலில் யார் வருவார்கள் என்ற கேள்விக்கு ஐஸ்லாந்தின் சுர்ட்சியைப் பாருங்கள். 1963 நவம்பரில் கடலைப் பிளந்துகொண்டு வந்தது, 1967 வரை வெடித்தது. பிறந்ததிலிருந்தே ஆராய்ச்சியாளர்களைத் தவிர யாரையும் விடுவதில்லை. 1965-இலேயே கரையில் ஒரு செடி முளைத்தது, விதை கடலில் வந்தது. ஆனால் ரொம்ப வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1986 வாக்கில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு வைக்கத் தொடங்கியபின் அந்த எச்சத்தில்தான் பச்சை பரவியது. அன்று சொன்ன நைட்ரஜன் தட்டுப்பாடு அப்படித் தீர்ந்தது.

ஒருமுறை அங்கே தக்காளிச்செடி ஒன்று முளைத்திருந்ததாம். கடல் கொண்டுவந்ததா, பறவையா என்று மூளையைக் கசக்கியபின் தெரிந்தது, ஆராய்ச்சிக்கு வந்தவர்களில் யாரோ லாவா மறைவில் ஒதுங்கியிருக்கிறார். செடியைப் பிடுங்கி, கிடந்ததையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஜூலை 3, இரவு | கணியம்

பாரன் தீவுக்குப் போக முடியுமா என்று உள்பெட்டியில் கேட்டவருக்கு: அனுமதியோடு படகில் சுற்றிப் பார்க்கலாம், இறங்க விடமாட்டார்கள். நார்கொண்டம் சரணாலயம், சும்மா போய்வர முடியாது. செலவைப் பார்த்தால் குலசேகரத்தில் மழைக்காலத்தில் டார்ச்சோடு தவளை தேடுவது மேல். அட்டைக்குக் கொஞ்சம் உப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.